தாத்தாப்பூவும் ஆடிக்காற்றும்

மூச்சை அடக்கினால் கை நிற்கிறது. கை நின்றால் காற்று நிற்க மாட்டேன் என்கிறது. வீட்டை ஒட்டிய காலி மனையில் சண்முகவடிவு மண்டிபோட்டு, ஒரு கையை மண்ணில் ஊன்றி, மறு கையில் செல்போனைப் பிடித்து, தலைமேல் இழுத்துவிட்ட முந்தானையின் நிழலில் ஒரு தாத்தாப்பூவுக்கு நேரே குனிந்திருந்தாள். பாளையங்கோட்டையில் ஆடி மாதம் காற்றை நம்பி ஒரு காரியத்தில் இறங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன, கொடியில் காயப்போட்ட வேட்டியை மூன்றாவது வீட்டு மொட்டைமாடியில் போய் எடுத்து வந்தவள்தானே. இருந்தும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தபோது புல் அசையாமல் நின்றது, அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. புருஷனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வருகிற ஜெனிட்டா வரட்டும் என்று காத்திருந்தாள். ஜெனிட்டா வந்தாள், ஸ்கூட்டரை நிறுத்தினாள், கை கழுவினாள், "நான் ஐயாவப் பாத்துக்கிடுதேன், நீங்க போய் உங்க வேலையப் பாருங்கம்மா" என்றாள். பருப்பைச் சின்னத் தீயில் வைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் வடிவு இறங்கி வந்தாள். மனையில் கால் வைத்ததும் காற்று எழுந்தது, இவ்வளவு நேரமும் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவளுக்காகவே காத்திருந்த மாதிரி. திரையில் முதலில் வெறும் மஞ்சள் புகை. போனின் கண்ணில் கவ்வி நிற்கிற அந்தச் சின்ன லென்ஸுக்கு உடம்பைத்தான் முன்னும் பின்னும் சாய்த்துக் கொடுக்க வேண்டும், ஒரு நூல் சாய்த்தால் புகைக்குள்ளிருந்து ஒரு விளிம்பு கூர்மையாக வரும், இன்னும் ஒரு நூல், அப்போது தெரியும், நடக்கிறபோது மஞ்சள் பொட்டு என்று நினைத்து மிதித்துப் போவது பொட்டே இல்லை, ஒரு தட்டு நிறைய நட்சத்திரம். ஒவ்வொன்றும் தனிப் பூ, ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை, நடுவில் நிமிர்ந்த ஒரு இழை, அந்த இழை நுனியில் இரண்டாகப் பிரிந்து கிடாக்கொம்பு மாதிரிப் பின்னால் சுருண்டு, அதன் மேல் மாவு தூவின மாதிரி மகரந்தம், இதோ, இதோ வருகிறது, கட்டைவிரலை அழுத்தப் போகிற நேரத்தில் காற்று ஒரு தட்டுத் தட்டும், நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். எடுத்த படம் எல்லாம் அப்படித்தான், மஞ்சள் கோடு, மஞ்சள் கோடு, யாரோ மஞ்சளை அரைத்து விரலால் இழுத்துவிட்ட மாதிரி. இடது கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு எடுத்தும் பார்த்தாள், பூ நின்றது, ஆனால் படத்தில் அது நிற்கிற மாதிரி இல்லை, கழுத்தைப் பிடித்து நிறுத்தின மாதிரி இருந்தது. ஜெனிட்டா அவருடைய தாடையைப் பிடித்து நேராக வைப்பாளே, அந்த மாதிரி. அந்தப் படத்தை உடனே அழித்தாள்.

நாளைக்கு ஜேசிபி வருகிறது. மனைக்காரர் நேற்று வந்து நான்கு மூலையிலும் சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போனார், போகிறபோது, "ஒங்களுக்கும் நல்லதுதாம்மா, பாம்பு பல்லித் தொந்தரவு இருக்காது பாருங்க" என்றார். நல்லதுதான், யார் இல்லையென்று சொன்னது. சன்னலை ஒட்டிச் சுவர் எழும்பும், உள்ளே பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும், அதுவும் நல்லதுதான். இந்த மனையை விட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. தெருமுனைக் கடைக்குப் போனால்கூட அவர் கூப்பிட்டால் காது கேட்காது. கூப்பிடுவது என்ன கூப்பிடுவது, அந்த இரண்டு சொல்தானே. ஒரு தரம். ஒரு தரம். தண்ணீர் வேண்டும் என்றாலும் ஒரு தரம், முதுகு அரித்தாலும் ஒரு தரம், சாம்பாரில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு, ஒரு தரம். உலகநாதன் வாழைத்தார் மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூறியவர். அவர் குரல் எழும்பினால் லாரிச் சத்தம் அடங்கும் என்பார்கள், எந்தத் தாரை யார் கேட்கிறார், யார் கண்ணைக் காட்டுகிறார், யார் மூக்கைச் சொறிகிறார் எல்லாம் பார்த்துக்கொண்டே தண்ணீர் மாதிரிக் கொட்டுவார், ஒரு தரம், ரெண்டு தரம் என்று. அவ்வளவும் போய் மூளையில் ரத்தம் கட்டி வலது கை வலது கால் போய், மிச்சமாக நாக்கில் ஒட்டிக்கொண்டது அந்த முதல் இரண்டு சொல். டாக்டர் சொன்னார், ஓயாமல் சொன்ன சொல் சில பேருக்கு அப்படி நிற்கும் என்று, ஏதோ அதிர்ஷ்டம் போலச் சொன்னார். முதல் மாதங்களில் வடிவு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்ததாக ரெண்டு தரம் வராதா என்று. வரவில்லை, எதிர்பார்ப்பதையும் விட்டாயிற்று. விட முடியாத ஒன்று உண்டு, அதை யாரிடம் போய்ச் சொல்ல. மார்க்கெட்டில் அத்தனை பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டைக்கு ஓய்வு என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார், கேட்டதற்குத் தலையசைப்பு, கூப்பிட வேண்டுமென்றால் ஒரு 'இந்தா'. வியாபாரிக்கெல்லாம் பேச்சு, அவளுக்கு ஓய்வு. சரி, வயசான பிறகு பேசுவார் என்று அவளும் இருந்தாள். கடைசியில் போகாமல் நின்ற சொல்லும் மண்டிச் சொல்தான். அந்த 'இந்தா'வாவது நின்றிருக்கக் கூடாதா.

காற்று கொஞ்சம் தணிந்தது. குனிந்தாள். அதற்குள் எறும்பு ஒன்று தண்டில் ஏறிவர, அதன் கனத்துக்கே பூ தலையாட்டியது. ஏறு, சீக்கிரம் ஏறி இறங்கு. இதெல்லாம் அவருக்காகத்தான் ஆரம்பித்தது, அதில் பொய் இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு என்று ஒரு கட்டு அட்டை கொடுத்தார்கள், ஆப்பிள், குடை, விமானம், யானை. காட்டிக் காட்டிப் பேர் சொல்ல வேண்டுமாம். குடையைக் காட்டியதும் அவர் முகம் சிறுத்துப் போனது, ஒன்றாங் கிளாஸ் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி என்னிடமா என்று, இடது கையால் ஒரே வீச்சு, அட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, வீட்டுச் சாமானையே படம் எடுத்துக் காட்டினால் என்ன. கரண்டி, உப்புச் சாடி, வெண்டைக்காய். ஷார்ஜாவிலிருந்து மகள் கோமதி லீவுக்கு வந்தபோது கிட்டத்தில் தெரிகிறதற்கு என்று இந்த லென்ஸை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். வெண்டைக்காயைக் கிட்டே வைத்துப் பார்த்த அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட வடிவுக்குத் தெரியவில்லை. காய் முழுக்க வெள்ளை முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் கண்ணாடி மாதிரி ஒரு மணி. இத்தனை வருஷம் கழுவினேன், நறுக்கினேன், ஒரு நாளாவது பார்த்தேனா. பிறகு உப்பு, ஒவ்வொரு பரலும் படிக்கட்டு வைத்துக் கட்டின கோபுரம். கீரை விதை, பல்லி உதிர்த்த தோல், குளியலறைச் சுவரில் பச்சையாகப் படர்ந்திருந்ததே, தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாளே, அது ஒரு காடு. குடும்ப குரூப்பில் போட்டாள். கோமதி 'சூப்பர்மா' என்று போட்டாள், அதற்கு முன்னால் அனுப்பியதற்கும் அதே சூப்பர்மாதான். சின்னத் தம்பி, 'அக்காவுக்கு நல்ல பொழுதுபோக்கு' என்றான். பொழுதுபோக்கு! பொழுதைப் போக்க அவளுக்கு எங்கே பொழுது இருக்கிறது? குளிப்பாட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, துணி மாற்றி, அந்த நடுவிலே ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைகிறாள், அவ்வளவுதான். அவருக்கும் காட்டினாள். பார்ப்பார், ஒரு தரம் என்பார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிடித்திருக்கிறதா, போதும் என்கிறாரா, இன்னொன்று காட்டு என்கிறாரா. ஒரு முறை வாழைப்பூவின் மடலை விலக்கி உள்ளே சீப்புச் சீப்பாக இருந்ததை எடுத்துக் காட்டினாள், வெகுநேரம் பார்த்தார், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, சேதி சொல்லிவிட்டார் என்று டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார், அந்த மாதிரி அழுகையும் இந்த வியாதியோடு சேர்ந்ததுதான், மனசில் ஒன்றும் இல்லாமலேயே வரும் என்று. அழுகையையும் நம்ப முடியாது என்றால் ஒரு மனுஷி எதைத்தான் பிடித்துக்கொள்வது. அதற்குப் பிறகும் எடுத்தாள், காட்டுவது குறைந்தது, எடுப்பது கூடியது. இப்போது காட்டுவதே இல்லை. யாராவது கேட்டால் மட்டும், அவங்களுக்குக் காட்டத்தான் என்கிறாள். அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

எறும்பு இறங்கிவிட்டது. காற்று நின்றது. நிஜமாகவே நின்றது, வேலியோரத்து எருக்குகூட அசையவில்லை. பேசாதே, நினைக்காதே, மூச்சை விடாதே. புகை, விளிம்பு, ஒரு நூல், நட்சத்திரம், ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, கொம்பு சுருண்ட இழை, கொம்பில் ஒட்டிய மணி மணியான தூள், எல்லாம் ஒரே கூர்மையில், கட்டைவிரல்… "வடிவக்கா! என்னத்தத் தேடுதீங்க?" கை குலுங்கிவிட்டது. பின்தெரு ஆவுடை, கையில் பால் தூக்குவாளியோடு மனைக்குள்ளேயே வந்து நிற்கிறாள். வடிவுக்கு வாயில் வந்தது வேறு, வெளியே வந்தது வேறு. பூவைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் என்ன, சொல்லியிருக்கலாம்தான், ஆனால் படுத்த படுக்கையாய்ப் புருஷன் உள்ளே கிடக்க இவள் தாத்தாப்பூவை, மாடுகூட முகர்ந்துவிட்டுப் போகிற பூவை… "தோட்டுத் திருகாணி விழுந்துட்டு ஆவுட" என்றாள். "ஐயையோ, தங்கமாச்சே!" என்று தூக்குவாளியை வைத்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். "நீ போ ஆவுட, பால் கெட்டுப் போயிரும், நான் பாத்துக்கிடுதேன்." "நல்லாருக்கே, பாத்துக்கிட்டே போவச் சொல்லுதீங்களா? எந்தப் பக்கம் விழுந்துச்சு? இங்ஙனயா?" இரண்டு கையாலும் புல்லைக் கோதிக் கோதி வருகிறாள், கோழி கிளறுகிற மாதிரி. "அங்க இல்ல, அந்தப் பக்கம்" என்று வடிவு எருக்கைக் காட்டுகிறாள், அவள் நகர்கிறாள், நகர்கிறபோது முழங்கால், பருத்த முழங்கால், சரியாக அதன் மேலேயே. ஒன்றும் சத்தமில்லை. பூ நசுங்குவதற்கு என்ன சத்தம் வரும். ஆவுடை தேடிக்கொண்டே பேசினாள், அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு, மருந்து சரியாக் குடுக்கீங்களா, எங்க நாத்தனார் மாமனாருக்கும் இப்படித்தான் வந்துச்சு, ரெண்டாவது தடவை வந்தப்பதான், என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிக்காமலே இருந்திருக்கலாம். ரெண்டாவது தடவை என்று ஒன்று இருப்பது வடிவுக்குத் தெரியாதா, இருட்டில் அவர் குறட்டை நின்றால் எழுந்து மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிறவள். "கெடைச்சிட்டு ஆவுட" என்றாள் கடைசியில், வெறும் விரலை மூடிக் காட்டி. "கெடைச்சிட்டா? சாமிக்கு ஒரு கற்பூரம் ஏத்துங்க" என்று ஆவுடை சந்தோஷமாக எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தச் சந்தோஷம்தான் தாங்க முடியவில்லை. திட்டக்கூட ஆள் இல்லை. பொய் சொன்னவள் இவள், உதவிக்கு உட்கார்ந்தவள் அவள்.

தண்டு மடங்கிக் கிடந்தது, நட்சத்திரத் தட்டு மண்ணோடு சேர்ந்த மஞ்சள் பிசுக்கு. சுற்றிலும் வேறு பூ இல்லாமல் இல்லை, நூறு இருக்கும், அதுதான் எரிச்சலே, நூறு இருந்தும் இதைத்தான் மூன்று நாளாகச் சன்னலிலிருந்து பார்த்து வைத்திருந்தாள், இதற்குத்தான் பின்னால் வெயில் சரியாக விழும். இன்னொன்றின் முன்னால் மண்டிபோட்டாள். காற்று திரும்பிவிட்டது, இந்த முறை புழுதியோடு. போடி, உனக்கு ஒரு பூ கேட்கிறதா. போனையும் பூவையும் தூக்கி எறிந்துவிட்டு இந்த மண்ணிலேயே காலை நீட்டி உட்கார்ந்து கத்த வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் வாசலிலிருந்து ஜெனிட்டாவின் குரல். "அம்மா! கொஞ்சம் உள்ள வாங்க." அவ்வளவுதான் சொன்னாள், எதற்கு என்று சொல்லவில்லை. வடிவு மண்ணில் கை ஊன்றி எழுந்தாள். வந்துவிட்டது. ரெண்டாவது தடவை. ஆவுடை வாயில் வந்தது உள்ளே போய்ப் படுத்துவிட்டது. நான் பூவுக்கு மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே அவருக்கு, ஐயோ, ஆம்புலன்ஸ் நம்பர், கோமதிக்கு என்னவென்று சொல்வேன், எங்கேம்மா இருந்த என்று கேட்பாளே, பூ எடுத்துக்கொண்டிருந்தேன் என்றா சொல்வது. அதற்கும் அடியில் இன்னொன்று, மினுக்கென்று ஒரு நொடி, அப்படியே ஆகிவிட்டால்தான் என்ன என்று. அதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரித் தாண்டி ஓடினாள், வாசற்படி காலில் இடித்தது.

ஒன்றும் ஆகவில்லை. உலகநாதன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முகம் சிவந்து. நாற்காலி சன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "பயப்படாதீங்கம்மா, ஒண்ணுமில்ல" என்றாள் ஜெனிட்டா. "எக்சர்சைஸ் பண்ண மாட்டேங்காங்க. சன்னலக் காட்டிக் காட்டிச் சத்தம், சரின்னு திருப்பிவச்சேன். நீங்க அந்தக்காகூட உக்காந்து தேடுன நேரமெல்லாம் இங்க இருந்து கத்திக்கிட்டேதான் இருந்தாங்க. என்னன்னு எனக்கு வெளங்கல, அதான் கூப்பிட்டேன்." அவர் அவளைப் பார்த்தார். இடது கை நாற்காலிக் கட்டையைத் தட்டியது. "ஒரு தரம்" என்றார். "ஒரு தரம்! ஒரு தரம்!" எதைச் சொல்கிறார், ஏன் வெளியே போனாய் என்றா, என்ன விழுந்தது என்றா, அந்தப் பொம்பளை மிதித்துவிட்டாள் என்றா, இல்லை ஒன்றுமே இல்லையா, வெறும் சத்தமா. இடித்த காலிலிருந்து ஏதோ விறுவிறுவென்று மேலே ஏறி வந்தது.

"என்ன ஒரு தரம்? எதுக்கு ஒரு தரம்?" என்றாள் வடிவு. தன் குரல் இத்தனை உயரம் போகும் என்று அவளுக்கே தெரியாது. "தெரியல எனக்கு. ஒங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியவே இல்ல. அன்னைக்கும் பேசல, இன்னைக்கும் பேசல. அங்க போய் நான் எடுக்கது ஒண்ணும் ஒங்களுக்காக இல்ல, கேட்டுக்கிடுங்க. எனக்குத்தான். இந்த ரூமை விட்டுக் கொஞ்ச நேரம் வெளிய இருக்கணும் எனக்கு, அதுக்குத்தான் போறேன். ஒங்களுக்காகன்னு சொன்னதெல்லாம் பொய்!"

ஜெனிட்டா கையிலிருந்த துண்டை மடித்தாள். பிறகு, எதுவும் காதில் விழாதவள் போல, உருட்டுப் பந்தையும் ரப்பர்ப் பட்டையையும் பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அவர் கத்துவார், அழுவார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவார் என்று வடிவு ஒவ்வொன்றாக எதிர்பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை, அவர் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கியது, கழுத்து, இடுப்பு, முழங்கால், அங்கே நின்றது. இடது கை கட்டையை விட்டு எழும்பி, தடுமாறி, முன்னால் வந்தது. அடிக்கத்தான் வருகிறதோ என்று ஒரு கணம் அவள் பின்வாங்கினாள். கை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தாள். முழங்காலிலிருந்து கரை வரைக்கும் புல்லின் ஒட்டுமுள், கோதுமை நிறத்தில், அடையடையாக, மண்டிபோட்ட இடமெல்லாம். அவர் அதில் ஒன்றைப் பிடிக்கப் பார்த்தார். அந்தக் கை அதற்குப் பழகின கை இல்லை, எழுதினதும் சாப்பிட்டதும் தாரைத் தட்டிப் பார்த்ததும் எல்லாம் வலது கை, இந்தக் கை துணைக்கு இருந்த கை. விரல் வழுக்கியது. மறுபடியும் பிடித்தார். மறுபடியும் வழுக்கியது. நெற்றியில் வியர்வை பூத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார். அவளுக்குப் பொறுக்கவில்லை, "விடுங்க, நான் ஒதறிக்கிடுவேன்" என்று சேலையை இழுத்தாள், அவர் விடவில்லை. மூன்றாம் தடவை நகம் பட்டு ஒரு முள் பிய்ந்து வந்தது. அதை எறியவில்லை. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிவைத்தார், திரும்பவும் கிட்டே கொண்டுவந்தார், புரட்டி வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். என்ன பார்த்தாரோ. நாற்காலிக் கட்டையின் மேல் பத்திரமாக அதை வைத்துவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார்.

"அம்மா, அடுப்புல ஏதோ அடிப்பிடிக்கு போல" என்றாள் ஜெனிட்டா, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே. "போகும்போது அணைச்சிட்டுப் போயிரு" என்றாள் வடிவு. பருப்பு போனால் போகட்டும், மோர் இருக்கிறது. இடித்த கால்விரல் தெறித்தது, ஒரே காலில் கனத்தைப் போட்டு நிற்பதில் இடுப்பும் வலித்தது, கோபம் இன்னும் போகவில்லை, சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. ஸ்கூட்டர் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவர் இரண்டாவதைப் பிய்த்து முதலாவதின் பக்கத்தில் வைத்தார். முன்பக்கம் கை எட்டுகிற இடத்தில் இருந்ததெல்லாம் தீர்ந்து, அவர் விரல் துணியின் மேல் அங்குமிங்கும் தடவியது. பின்கொசுவத்தில் இன்னும் நிறைய ஒட்டியிருந்தது. வடிவு திரும்பி நின்றுகொண்டு, அந்தப் பக்கத்தை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி எடுத்துக் கொடுத்தாள்.